சுத்த சைவ மெத்தைக் கேக்

உடுவிலில் சுபாஜினி செய்யும் கேக்கைச் சனம் மெத்தைக் கேக் என்றுதான் சொல்லும். அவள் வைத்த பெயரல்ல அது. யாரோ ஒருவரின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில், மேசையில் அடுக்கியிருந்த மூன்று தட்டுக் கேக்கைப் பார்த்துவிட்டு ஒருவர், "உதென்ன, மெத்தையைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. வெள்ளை வெளேரென்று, ஐசிங் சீனியைப் பிசைந்து விரித்த பொண்டன்ற் போர்வை. அது காய்வதற்குள் சாய்வாக இரண்டு பக்கமும் கோடு அமுக்கி எடுத்த சாய்சதுரங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் ஒரு சீனி முத்து. தூரத்தில் நின்று பார்த்தால் தலை வைத்துப் படுக்கலாம் போலிருக்கும்.

வீட்டு வாசல் படலையில் தொங்கிய பலகையில் 'சுபா கேக்ஸ்' என்ற பெயருக்குக் கீழே 'சுத்த சைவம்' என்று பச்சைப் பெயின்றில் எழுதியிருந்தது. ஊருக்குக் காட்டுவதற்காக எழுதியதல்ல. அவள் பிறந்த வீட்டிலும் மீன் இறைச்சி என்ற மச்சம் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. கணவன் பிரவீணன் தோட்டக்காரன். வெங்காயமும் பீற்றூட்டும் போடுகிறவன். சிநேகிதர்களோடு போனாலும் மரக்கறிச் சோறு கிடைக்காத இடத்தில் பட்டினியாக வருவானே தவிர வேறொன்றைத் தொடமாட்டான். சுபாஜினிக்கு மீன் மணம் பட்டாலே வயிற்றைப் புரட்டும். பஸ்ஸில் மீன் கூடையோடு யாராவது ஏறினால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். கேக்குக்கு முட்டை போடாமல் ரின்னில் அடைத்த கட்டிப் பாலும் தயிரும் சேர்த்து அடிப்பாள். அதனால் கோயில் குருக்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கும் அவளுடைய கேக்தான் போகும்.

அந்த மெத்தை வேலையை அவளுக்குப் பழக்கியவள் அரியாலையில் இருக்கும் றெஜினா. கடல் தொழில் செய்கிற குடும்பம். வீட்டு முன் அறையில் வகுப்பு வைத்திருந்தாள். கைவேலை அவ்வளவு சுத்தமான கைவேலை. ஆனால் பின்னால் குசினியில் எந்நேரமும் ஏதாவதொரு மீன் பொரிந்துகொண்டிருக்கும். சுபாஜினி லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி வகுப்பை விறாந்தையில் நின்றே படித்தாள். றெஜினா கொடுக்கும் தேத்தண்ணியை, "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் அக்கா" என்று சொல்லி ஒருநாளும் தொட்டதில்லை.

தில்லைநாதன் ஒரு காலைப்பொழுதில் அவளுடைய வீட்டுக்கு வந்தார். ஊர்க் கோயிலொன்றின் பரிபாலன சபைத் தலைவர். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வேட்டி. அவருக்கு அறுபதாம் பிறந்தநாள் வருகிறது. அது விரத நாளான ஆவணி ஞாயிறில் விழுகிறது. லண்டனிலிருந்து மகள் தர்சிகா வந்து மண்டபத்தில் கொண்டாடப் போகிறாள். படமும் அனுப்பியிருந்தாள்: வெள்ளை மெத்தை, பொன்னிற முத்து, மூன்று தட்டு.

கேக்கைப் பற்றிக் கதைக்க முதல் அவர் குசினியைப் பார்க்க வேண்டும் என்றார். சுபாஜினி வழிவிட்டாள். அவர் சட்டி பானைகளின் மூடியைத் திறந்து திறந்து மணந்து பார்த்தார். கேக் அடிக்கும் பெரிய பாத்திரத்துக்குள் தலையையே விட்டு மூக்கை உறிஞ்சினார். அவருடைய மூச்சு அந்தப் பளபளப்பில் ஆவியாகப் படிந்து நின்றதைப் பார்த்தபோது, அவர் போனதும் அதைக் கழுவ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இந்தக் குசினிக்குள்ளை மச்சம் ஏறினதில்லைத்தானே, பிள்ளை?"

"ஒருநாளும் இல்லை ஐயா."

"அதுதான் பாத்தன். அரியாலையிலை ஒருத்தி நல்லாச் செய்யிறாளாம் எண்டு மகள் சொன்னவள். நான் சொல்லிப்போட்டன், மீன் செதில் உரிச்ச கையாலை பிசைஞ்ச மா என்ரை வாய்க்குள்ளை போகாது எண்டு. எத்தினை சவுக்காரம் போட்டாலும் அந்தக் கையை விட்டு அது போகுமே?"

சுபாஜினி சிரித்தாள். சிரித்திருக்கத் தேவையில்லை. பெரிய மனிதர் ஒரு பகிடி சொன்னால் சிரிக்கிற வழக்கத்தில் சிரித்தாள். சிரித்த பிறகு வாயில் ஏதோ கசந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறந்தநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. கேக்குகள் வெந்து ஆறியிருந்தன. பொண்டன்ற் பிசைவதற்காக ஜெலற்றின் தூளைத் தண்ணீரில் ஊறவைத்து, சுடுநீர்ச் சட்டியின் மேல் வைத்துக் கரைத்தாள். ஐசிங் சீனி அப்படியே மெழுகு போல இழுபட வேண்டுமென்றால், கோடு அமுக்கும்போது வெடிக்காமல் இருக்க வேண்டுமென்றால், இந்தத் தூள் இல்லாமல் முடியாது. வழமையாக அது கரையும்போது மணம் என்று எதுவும் வராது. அன்றைக்கு வந்தது. மழையில் நனைந்த செருப்பை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தால் வருமே, அந்த மணம். அதற்கடியில் இன்னொன்று, கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் ஊத்தையாக. அவள் கிண்ணத்தைத் தூக்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், உடனே கீழே வைத்தாள்.

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கத்தில் கேக் சாமான் விற்கும் கனிசியஸுக்கு ரெலிபோன் எடுத்தாள். அவர்தான் எல்லாத் தூளையும் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் நிறுத்துக் கட்டிக் கொடுப்பவர்.

"அண்ணை, நீங்கள் தந்த ஜெலற்றின் பழுதாப்போச்சுது போலை. ஒரு மாதிரி மணக்குது."

"பழுதில்லைத் தங்கச்சி, அது புதுச் சாமான். மாட்டு ஜெலற்றின் கொஞ்சம் மணக்கும்தான். வெனிலா ரெண்டு சொட்டுக் கூட விடுங்கோ, அமந்து போயிடும்."

"என்ன ஜெலற்றின் எண்டனீங்கள்?"

"மாடு. தோலையும் எலும்பையும் அவிச்சு எடுக்கிறதெல்லோ."

"அப்ப... முந்தித் தந்தது?"

"முந்தினது பண்டி. அது மணக்காது, திறமான சாமான். இப்ப வரத்தில்லை. வந்தால் உங்களுக்கு எண்டு எடுத்து வைக்கிறன். ஏன் தங்கச்சி, உங்களுக்குத் தெரியாதோ?"

மாடும் பன்றியும் என்று அவளுக்குத் தெரியாது. கடற்பாசியைத் திரித்த தூள் என்றுதான் அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளையாக, மணமில்லாமல், சுத்தமாக இருந்தது. அதனால் அப்படித்தான் இருக்கும் என்று தானே முடிவெடுத்துக்கொண்டாள். ரெலிபோனை வைக்கவில்லை. அது கையிலிருந்து நழுவிச் சீனி மாவுக்குள் விழுந்தது. கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள். ஒன்றும் வராத பிறகும் ஓங்காளம் நிற்கவில்லை.

ஒவ்வொரு முறை பிசைந்து முடித்ததும் ஒரு துளி கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது அவளுடைய வழக்கம். விரலில் ஒட்டியதை நக்குவதும் வழக்கம். வெள்ளிக்கிழமை விரதத்திலும், கந்தசஷ்டியிலும், நவராத்திரியிலும் நக்கியிருக்கிறாள். உப்பைக் கையில் அள்ளி நாக்கில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க நாக்குத்தான் எரிந்தது. பிறகு மாமியின் நினைவு வந்தது. பிரவீணனின் தாய். வெங்காயம் கூடப் போடாத சாப்பாடு சாப்பிட்ட மனிசி. போன வருடம் படுக்கையில் கிடந்து, ஒன்றும் விழுங்க முடியாமல் போன கடைசி மாதங்களில், கேக்கைச் சுற்றி வெட்டி எடுத்த பொண்டன்ற் ஓரங்களை மட்டும் வாயில் வைத்துக் கரைப்பாள். "இன்னும் கொஞ்சம் தா பிள்ளை" என்று கேட்பாள். சுபாஜினி தன் விரலால் ஊட்டியிருக்கிறாள். மாமியின் பல்லில்லாத ஈரமான வாய் அந்த விரலை மூடிய உணர்வு இப்போதும் கையில் இருந்தது. அந்தக் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், பிறகு சவுக்காரம், பிறகு மறுபடியும் சாம்பல்.

பிரவீணன் தோட்டத்தால் வந்தபோது அவள் குசினி வாசலில் குந்தியிருந்தாள். விசயத்தைக் கேட்டுவிட்டு அவன் முதலில் இலேசாகத்தான் எடுத்தான்.

"உந்தத் தோலை ஆர் தின்னுறது? எல்லாரும் உரிச்சுத் தள்ளிப்போட்டு உள்ளுக்கிருக்கிறதைத்தானே சாப்பிடுறவை. செய்து குடுத்துப்போட்டு இனிமேல் விடு."

"உங்கடை அம்மா திண்டவ."

தோட்டத்திலிருந்தே குளித்துவிட்டு வந்தவன், எழுந்து கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினான். உடுப்புக் கூடக் களையவில்லை.

அன்று பின்னேரமே சுபாஜினி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அரியாலைக்குப் போனாள். றெஜினா வளவுக்குள் பலகை போட்டுக் குந்தி, திருக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து ஒருபக்கம் கிடந்தது. குடலைச் சுற்றி இலையான் மொய்த்தது. ஒரு பூனை காத்துக்கொண்டிருந்தது. சுபாஜினி வேலியோரம் தள்ளியே நின்றாள்.

"நீங்கள் ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"என்னத்தை?"

"ஜெலற்றின் மாட்டிலையும் பண்டியிலையும் இருந்து எடுக்கிறது எண்டு."

றெஜினா கத்தியைக் கீழே வைத்தாள். "சொன்னனான் சுபா. முதல் நாள் வகுப்பிலை தூளைக் கையிலை வைச்சுக்கொண்டு சொன்னனான், இது எலும்பிலை இருந்து எடுக்கிறது, சைவக்காரர் ஆரும் இருந்தால் யோசிச்சுக்கொள்ளுங்கோ எண்டு. நீர் அண்டைக்கு விறாந்தையிலை நிண்டனீர். உள்ளுக்கை மீன் பொரிஞ்சது."

அது உண்மைதான். லேஞ்சியின் சவுக்கார மணத்தை உறிஞ்சிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்றது நினைவிருந்தது.

"பேந்தாவது சொல்லியிருக்கலாம். என்ரை படலையிலை என்ன எழுதியிருக்கு எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும். உடுவிலுக்கு ஒரு செத்தவீட்டுக்கு வந்தனான், அப்ப பாத்தன். சுத்தம் எண்டு ஆரை நினைச்சு எழுதினனீர் எண்டும் எனக்கு விளங்கினது." றெஜினா மணிக்கட்டில் ஒட்டியிருந்த மீன் வழும்பைத் துடைத்தாள். "அதுக்குப் பிறகு நான் ஏன் வாய் திறக்க? பொய் சொல்லமாட்டன் சுபா, எனக்குக் கொஞ்சம் சந்தோசமாயும் இருந்தது. குருக்கள் வீட்டுக்கு உம்மடை கேக் போகுது எண்டு கேள்விப்படேக்கை சிரிச்சிருக்கிறன்."

சுபாஜினிக்கு அவளைப் பார்க்கவே அரியண்டமாக இருந்தது. அந்த வழும்பும், அந்த இலையானும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சிரிப்பும். தில்லைநாதனின் பகிடிக்குத் தான் சிரித்த சிரிப்பும் அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டில் எது அதிகம் நாறுகிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. போயிட்டு வாறன் என்று கூடச் சொல்லாமல் திரும்பினாள்.

இரவு முழுக்கப் புரண்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். உள்ளதைச் சொல்லிவிடுவது. மெத்தை வேண்டாம், பட்டர் ஐசிங்கில் பூ வைத்து வடிவாகச் செய்து தருகிறேன் என்று கேட்பது. அந்த மனிதர் மச்சம் தொட்ட கையையே ஒதுக்குகிறவர். கேட்டதும் கோபப்படுவார், ஏசுவார், ஆனால் ஒத்துக்கொள்வார். சனிக்கிழமை காலையில் தில்லைநாதன் வீட்டுக்குப் போனாள்.

அவர் விறாந்தையில் சாய்வுக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய மனைவி கமலாவதி பூமாலை கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. சுபாஜினி நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. திரும்பி உள்ளே மனைவியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளுக்கை முட்டை இல்லைத்தானே?"

"இல்லை ஐயா. ஆனால் மேலை போடுறது..."

"அப்ப சரி. மேலை போடுறதைப் பற்றி உம்மை ஆர் கேட்டது? நீரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை."

"பட்டர் ஐசிங்கிலை செய்தால் ஒரு பிழையும் இருக்காது ஐயா."

"மகள் படம் அனுப்பி, மேசைச் சீலை, கதிரை உறை எல்லாம் அந்தக் கோட்டுக்குப் பொருத்தமாத் தைச்சாச்சு. வீடியோக்காரன் வாறான். மெத்தைதான் வேணும்."

"நாளைக்கு ஆவணி ஞாயிறு. விரதகாரர் எல்லாரும் சாப்பிடுவினமே."

"தெரியாமல் சாப்பிடுறவைக்கு என்ன குற்றம்? எனக்குத் தெரியும். அதாலை நான் தொடமாட்டன். எனக்குச் சீனி வருத்தம் எண்டு ஊருக்கே தெரியும்தானே, ஒருதரும் வில்லங்கப்படுத்தமாட்டினம்."

சுபாஜினி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே கண்ணைக் காட்டி, "அன்ரி?" என்று கேட்டாள்.

"நீர் சொல்லாட்டில் அவவுக்கு எப்பிடித் தெரியப்போகுது?" அவர் பேப்பரை மடித்தார். "உது வெளியிலை வந்தால் எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. சுத்த சைவம் எண்டு பலகை தொங்குறது உம்மடை படலையிலை."

பிறகு, ஒன்றும் நடவாததுபோல, பக்கத்துத் தட்டிலிருந்த கோயில் விபூதியைக் கிள்ளி நீட்டினார். "இந்தாரும்."

மறுக்கத் தெரியாமல் கையை நீட்டி வாங்கினாள். நெற்றிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பொத்திய கையோடு ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது, வியர்வையில் அது சேறாகி விரலிடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது.

செய்யமாட்டேன் என்று சொல்லத் துணிவு வரவில்லை. ஊரில் பலகையோடு சேர்த்துத் தன்னையும் இழுத்துத் தெருவில் போடுவார் என்று பயந்தாள். மத்தியானம் கையுறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

வெனிலாவைக் கனிசியஸ் சொன்னதை விடவும் கூட விட்டாள். அது மணத்தை மூடியது. ஆனால் மூடியிருக்கிறது என்பது தெரிந்தது, சந்தனம் பூசிப் பிரேதம் கிடத்திய வீடு மாதிரி. பிசையும்போது அது கைச்சூட்டை வாங்கிக்கொண்டு இளஞ்சூடாகிப் போனது. முன்பெல்லாம் அந்தச் சூடுதான் பதம் என்பாள். இப்போது உயிருள்ள ஒன்றின் வயிற்றைத் தொடுவது போலிருந்தது. உருளைக்கட்டையால் விரித்தாள். விரிந்தது தோல். அதற்கு வேறு பெயர் சொல்ல வரவில்லை. காற்றுக் குமிழிகள் எழுந்த இடங்களை ஊசியால் குத்தி அமர்த்தியபோது, மயிர் பிடுங்கிய துவாரங்கள் போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் நின்றன. உருளைக்கட்டையின் மேல் போட்டுத் தூக்கியபோது இரண்டு பக்கமும் தொங்கி ஆடியது. கண்ணை மூடிக்கொண்டு கேக்கின் மேல் இறக்கினாள்.

கோடு அமுக்கும் வேலை. அளவுகோலைச் சாய்வாக வைத்து ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் வெள்ளை புடைத்து எழும்பியது. எத்தனை கலியாணங்களில் அந்தப் புடைப்பைப் பார்த்துத் தானே பெருமைப்பட்டிருக்கிறாள்! இப்போது கயிற்றால் இறுக்கிக் கட்டிய சதை பிதுங்குகிற மாதிரித்தான் தெரிந்தது. பற்சக்கரத்தை உருட்டித் தையல் அடையாளம் வைத்தாள். பிறகு மூலைகளில் முத்து. ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, இடுக்கியால் எடுத்து வைத்துக்கொண்டே வந்தவள், நடுத்தட்டில் நிறுத்திவிட்டாள். மாட்டின் காதுக்குப் பின்னால் இரத்தம் குடித்து வீங்கியிருக்கும் உண்ணி ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முத்தும் உண்ணிதான். துணியை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போவதும், திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் வைப்பதுமாக, பொழுது சாய முதல் முடித்தாள். கேக் வடிவாக இருந்தது. அதுவரை செய்ததில் ஆக வடிவானது அதுதான். அதுவும் அவளுக்குக் குமட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பிரவீணன் ஓட்டோவில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டான். சுபாஜினி தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, விட்டுப்போன முத்துகளைச் சரிசெய்தாள். தர்சிகா ரெலிபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். கதிரை உறைகளிலும் அதே சாய்சதுரத் தையல். மண்டபம் முழுக்க அந்தத் தோலைப் போர்த்தி வைத்தது போல இருந்தது. கெதியாகப் போய்விட வேண்டும் என்று சாமான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கமலாவதி வந்தாள்.

குங்கும நிறப் பட்டுச் சேலை. விரதத்தில் வாடிய முகம். சுபாஜினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறீர் பிள்ளை. காலமை தொடக்கம் நான் தண்ணி கூடக் குடிக்கேல்லை. கடைக் கேக் எண்டால் கிட்டவும் போகமாட்டன். இவர் உம்மடை குசினியை வந்து பாத்திட்டு, சாமியறை மாதிரி இருக்கெண்டு சொன்னவர். அதாலை இண்டைக்கு உம்மடை கேக்கிலைதான் விரதம் முடிக்கிறதெண்டு இருக்கிறன்."

அந்தக் கை குளிர்ந்திருந்தது. நெருப்புத் தொட்டது போல உதறிக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் சுபாஜினி அவளை மேசைக்குப் பின்னால், திரைச்சீலை ஓரம் இழுத்துப்போனாள்.

"அன்ரி, உதைச் சாப்பிடாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"மேலை போர்த்திருக்கிறது மாட்டுத் தோலும் எலும்பும் அவிச்ச தூளிலை செய்தது. எனக்கு முந்தாநாள்தான் தெரியும். சத்தியமா முந்தித் தெரியாது அன்ரி."

கமலாவதி பிடித்திருந்த கையை விடவில்லை. "இவருக்குத் தெரியுமோ?"

சுபாஜினி தலையைக் குனிந்தாள். "நேற்றுக் காலமை வந்து சொன்னனான். நீங்கள் மாலை கட்டிக்கொண்டிருந்தனீங்கள்."

"என்ன சொன்னவர்?"

"தான் சாப்பிடமாட்டாராம். மற்ற ஆக்களுக்குச் சொல்ல வேண்டாமாம்."

"எனக்கும்?"

"ஓம் அன்ரி."

கமலாவதி கேக்கைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சரி பிள்ளை, நீர் போகாதையும், நில்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையை நோக்கி நடந்தாள்.

விளக்கேற்றி, தேவாரம் பாடி, இரண்டு பேர் எழுந்து தில்லைநாதனின் சைவத்தொண்டைப் பற்றிப் பேசினார்கள். பேசி முடிந்ததும் எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். அவர் கத்தியை மேல் தட்டில் இறக்கினார். போர்வை இழுபட்டு, கத்தியோடு கொஞ்சத் தூரம் வந்து, பிறகு அறுந்தது. தர்சிகா, "அப்பா, முதல் துண்டு அம்மாவுக்கு!" என்று கத்தினாள். வீடியோக்காரன் லைட்டைக் கிட்டக் கொண்டுவந்தான். தில்லைநாதன் ஒரு துண்டை எடுத்து, புன்னகையோடு மனைவியின் வாயருகே கொண்டுபோனார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைத்தான் சுபாஜினியால் பிறகு மறக்க முடியவில்லை.

கமலாவதி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். துண்டைத் தன் கைக்கு வாங்கினாள். உள்ளே இருந்த மாவை உதிர்த்துவிட்டு, மேலே இருந்த தடித்த வெள்ளைத் தோலை மட்டும் மடித்து எடுத்தாள்.

"பிறந்தநாள்காரருக்குத்தான் முதல் துண்டு."

"எனக்குச் சீனி..."

"ஒரு நாளைக்கு ஒண்டும் செய்யாது. வாயைத் திறவுங்கோ."

சனம் சிரித்துக் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். வெளிச்சம் அவருடைய முகத்தில் நின்றது. தில்லைநாதன் மனைவியின் கண்ணைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தார். கமலாவதி முழுவதையும் உள்ளே தள்ளி, வெளியே நீண்ட நுனியையும் விரலால் ஏற்றினாள். அவர் மென்றார். அது அவ்வளவு கெதியில் கரைகிற சாமான் அல்ல. தாடை ஏறி இறங்கியது, பல்லில் ஒட்டியது, உதட்டோரம் வெள்ளையாக வழிந்தது. துப்ப முடியாது, லைட் நகரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க விழுங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று தர்சிகா அவரைக் கட்டிப்பிடித்தாள்.

நியாயத்துக்கு அந்தக் காட்சி சுபாஜினிக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அந்தத் தாடை அசைவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத்தான் தொண்டையில் ஏறியது.

கமலாவதி கையைக் கழுவிக்கொண்டு வந்து பரிமாறும் பெடியங்களிடம் உரத்துச் சொன்னாள்: "கேக்கை வெட்ட வேண்டாம். வெயிலுக்கு இளகிப்போச்சுது. வடையும் பாயாசமும் குடுங்கோ." தர்சிகா ஏன் ஏன் என்று கேட்டதற்கு, "அம்மா சொன்னால் சொன்னதுதான்" என்றதோடு முடித்தாள். அன்று மாலை வரை அவள் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

மறுநாள் ஓர் ஓட்டோக்காரன் கேக்கைக் கொண்டுவந்து சுபாஜினியின் படலையடியில் இறக்கி வைத்துவிட்டுப் போனான். பெட்டியைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. வெயிலில் அப்படியே கிடந்தது. மத்தியானம் பிரவீணன் திறந்தபோது, போர்வை வேர்த்து, பளபளத்து, ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. சாய்சதுரங்கள் நீண்டு வாய்போல இளித்தன. கோடுகளுக்குள்ளால் எறும்பு ஊர்ந்தது. தெருநாய் ஒன்று வந்து மணந்துவிட்டு நக்கத் தொடங்கியது. பிரவீணன் நாயைக் கலைத்து, வாழைகளுக்குப் பின்னால் ஆழமாக வெட்டி, பெட்டியோடு போட்டு மூடினான். அம்மாவுக்குத் திவசம் வரும்போது குருக்களிடம் ஏதாவது பிராயச்சித்தம் கேட்கலாமா என்று மெல்லக் கேட்டான். கேட்டால் குருக்கள் வீட்டுக்குப் போன கேக்கையும் சொல்ல வேண்டிவரும். அதற்கு இருவருக்கும் வழி தெரியவில்லை.

தில்லைநாதன் வாய் திறக்கவில்லை; தின்றதை யார் சொல்வார்கள்? கமலாவதியும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோயிலில் அவர் ஒரு பக்கமும் அவள் இன்னொரு பக்கமுமாக நின்று கும்பிடுவதைச் சுபாஜினி கண்டிருக்கிறாள்.

அவள் பலகையைக் கழற்றிவிட்டாள். பொண்டன்றை விட்டுவிட்டு, பட்டர் ஐசிங்கில் பூவும் இலையும் மட்டும் போடத் தொடங்கினாள். மெத்தை கேட்டு வருகிறவர்களிடம், "அரியாலையிலை றெஜினா அக்கா செய்வா, எனக்குப் பழக்கினவ. அவவிட்டைப் போங்கோ" என்பாள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் போனார்கள்.

ஐப்பசி மழைக்குள் ஒருநாள் றெஜினா ரெலிபோன் எடுத்தாள். திருக்கை வெட்டிய அந்த நாளுக்குப் பிறகு முதல் கதை.

"மானிப்பாயிலை இருந்து ஆக்கள் வந்தவை சுபா. நீர் அனுப்பினதாம்."

"ஓம் அக்கா."

"ஜெலற்றின் எதிலை இருந்து எடுக்கிறது எண்டு அவையளுக்குச் சொன்னனான். யோசிச்சுச் சொல்லுறம் எண்டிட்டுப் போட்டினம். இனி நீரே சொல்லிப்போட்டு அனுப்பும். நான் தேத்தண்ணி ஊத்துற வேலை மிச்சம்."

"சொல்லுறன் அக்கா. எனக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

"எனக்கும் கொஞ்சம் வெக்கம்தான்" என்றாள் றெஜினா.

சுபாஜினி ரெலிபோனை வைத்துவிட்டு, அடித்துக்கொண்டிருந்த பட்டர் ஐசிங் பக்கம் திரும்பினாள். வெள்ளையாக நுரைத்து, பதமாக வந்திருந்தது. பட்டரும் பாலும் சீனியும் தவிர அதில் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். கரண்டியில் எடுத்தாள், வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. பிரவீணனைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னாள்.